ஹைட்ரேட் கட்டச் சமநிலைக்கு எந்தக் கணக்கீட்டு மாதிரி?

கடலடிக் குழாய் ஒன்றில் ஹைட்ரேட் (நீரும் வாயுவும் சேர்ந்த, பனிக்கட்டி போன்ற படிகம்) அடைப்பு உண்டாகுமா, உண்டாகுமென்றால் அதைத் தடுக்க எவ்வளவு மெத்தனால் செலுத்த வேண்டும் என்று கேட்கும் பொறியாளர் முன் ஆறேழு கணக்கீட்டு முறைகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையவை 1940களைச் சேர்ந்த வரைபடங்கள். புதியவை ஒரு மடிக்கணினியில் நொடிப்பொழுதில் ஏழு கட்டங்களை (வாயு, திரவம், திண்மம் போன்ற தனித்தனி நிலைகளை) பிரித்துக் காட்டும் மென்பொருள்கள். புதியதும் சிக்கலானதுமே சிறந்தது என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் பெரும்பாலான களமுடிவுகளில் பிழை ஹைட்ரேட் படிகத்தை எப்படி விவரிக்கிறோம் என்பதிலிருந்து வருவதைவிட, அதனோடு சமநிலையில் நிற்கும் நீர்க்கட்டத்தை எப்படி விவரிக்கிறோம் என்பதிலிருந்தே அதிகம் வருகிறது. மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. முறைகளை ஒப்பிடும் இக்கட்டுரையும் இந்தக் கோணத்திலிருந்தே எழுதப்படுகிறது.

முதலில் பொருளைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கூண்டுகளாகக் கட்டப்பட்டு, அக்கூண்டுகளுக்குள் மீத்தேன், புரொப்பேன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சிறிய மூலக்கூறுகள் அடைபட்டிருப்பதே வாயு ஹைட்ரேட். குளோரின் ஹைட்ரேட்டை ஹம்ப்ரி டேவி 1810இலேயே கண்டிருந்தாலும், குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்களை அடைப்பது பனிக்கட்டியன்று, ஹைட்ரேட்டே என்பதை ஹாமர்ஷ்மிட் 1934இல் எடுத்துக்காட்டிய பிறகுதான் பெட்ரோலியத் துறை இதைத் தன் சிக்கலாக ஏற்றது. குழாய்களில் முதன்மையாக எதிர்ப்படும் படிக அமைப்புகள் இரண்டு. முதல் அமைப்பின் அலகுக் கூட்டில் 46 நீர் மூலக்கூறுகளும், 2 சிறிய கூண்டுகளும், 6 பெரிய கூண்டுகளும் உள்ளன. இரண்டாம் அமைப்பில் 136 நீர் மூலக்கூறுகள், 16 சிறிய கூண்டுகள், 8 பெரிய கூண்டுகள். மூன்றாவதான எச் அமைப்பு 1987இல்தான் அறியப்பட்டது. சில கனமான ஹைட்ரோகார்பன்கள் மீத்தேன் போன்ற சிறு மூலக்கூறின் துணையோடு அதை உண்டாக்குகின்றன. வழக்கமான எரிவாயுக் கணக்குகளில் அது அரிதாகவே தலைகாட்டுகிறது.

இனி முறைகளுக்கு வருவோம். மிக எளியது கேட்ஸ் 1945இல் வெளியிட்ட ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) வரைபடம். வாயுவின் ஒப்படர்த்தியும் அழுத்தமும் தெரிந்தால், ஹைட்ரேட் உண்டாகும் வெப்பநிலையை அதிலிருந்து படித்துக்கொள்ளலாம். ஓர் உத்தேச மதிப்பு உடனே வேண்டுமென்றால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் இதன் எல்லையை ஓர் எடுத்துக்காட்டிலேயே பார்த்துவிடலாம். மீத்தேனோடு 10 விழுக்காடு புரொப்பேன் கலந்த வாயு ஒன்று, மீத்தேனோடு 10 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு மற்றொன்று என்று வைத்துக்கொள்வோம். புரொப்பேனின் மூலக்கூறு எடை 44.1, கார்பன் டை ஆக்சைடின் எடை 44.0. ஆகவே இரண்டு கலவைகளின் ஒப்படர்த்தியும் 0.65தான், வரைபடம் இரண்டுக்கும் ஒரே கோட்டைத்தான் காட்டும். உண்மையிலோ, 4 டிகிரி செல்சியஸில் தூய மீத்தேன் ஹைட்ரேட் ஆவதற்கு 3.9 மெகாபாஸ்கல் அளவில் அழுத்தம் தேவை என்றால், கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவுக்கு அதைவிடச் சற்றுக் குறைவான அழுத்தம் போதும். புரொப்பேன் கலந்த வாயுவுக்கோ அதில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே போதும். காரணம் படிகத்தில் இருக்கிறது. புரொப்பேன் இரண்டாம் அமைப்பின் பெரிய கூண்டில் கச்சிதமாகப் பொருந்திப் படிகத்தைத் தாங்குகிறது; மீதமுள்ள சிறிய கூண்டுகளை மீத்தேன் நிரப்பிக்கொள்கிறது. 1 விழுக்காடு புரொப்பேன் சேர்ந்தாலே தேவையான அழுத்தம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒப்படர்த்தி என்ற ஒற்றை எண் இந்தப் பொருத்தத்தை அறியாது. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயுக்களிலும் இதே குறை பெரிதாகத் தெரியும்.

இதற்குச் சற்று முன்பே, 1941–42 ஆண்டுகளில், வில்காக்ஸ், கார்சன், கேட்ஸ் ஆகியோர் உருவாக்கிய சமநிலை மாறிலி முறை இந்தக் குறையைப் பெரிதும் களைந்திருந்தது. ஒவ்வொரு கூறும் வாயுவிலும் திண்மத்திலும் எந்த விகிதத்தில் பிரிந்து நிற்கிறது என்பதற்குத் தனித்தனி மாறிலியை வரைபடமாக்கி, வாயுவிலுள்ள ஒவ்வொரு கூறின் மோல் பின்னத்தையும் அதன் மாறிலியால் வகுத்து, அந்த ஈவுகளின் கூட்டுத்தொகை ஒன்றாகும் புள்ளியைத் தேடுவதே இதன் வழி. படிக அமைப்புகள் தெளிவாகாத காலத்தில், ஹைட்ரேட்டை ஒரு திண்மக் கரைசலாகக் கொண்டு செய்யப்பட்ட இந்த ஊகம் பிற்காலக் கோட்பாட்டோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்பது இன்றும் வியக்கத்தக்கது. மென்பொருள் ஒன்றின் விடையைக் கையால் சரிபார்க்க இம்முறை இப்போதும் பயன்படுகிறது. ஆனால் உயர் அழுத்தத்துக்கும், மெத்தனால் போன்ற தடுப்பான்கள் கலந்த நீருக்கும் இதைக் கொண்டு செல்ல முடியாது.

இவ்விரண்டுக்கும் அப்பால் இருப்பவை அனைத்தும் ஏதோ ஒரு வகையில் வான் டெர் வால்ஸும் பிளாட்டீயுவும் 1959இல் முன்வைத்த புள்ளியியல் வெப்ப இயக்கவியல் கோட்பாட்டின் வழிவந்தவை. (இந்த வான் டெர் வால்ஸ், அழுத்தம், கன அளவு, வெப்பநிலை ஆகியவற்றைத் தொடர்புபடுத்தும் நிலைச் சமன்பாட்டுக்காக 1910இல் நோபெல் பரிசு பெற்றவரல்லர்.) ஒரு கூண்டில் ஒரு மூலக்கூறுதான் இருக்கலாம், அது கூண்டை உருக்குலைக்காது, பக்கத்துக் கூண்டிலிருக்கும் மூலக்கூறோடு அதற்குத் தொடர்பில்லை என்ற எளிய எடுகோள்களின் மீது, கூண்டுகளின் நிரப்பு விகிதத்தை லாங்மியூர் பரப்புக் கவர்ச்சியை (வாயு மூலக்கூறுகள் ஒரு பரப்பில் ஒட்டுவதை) விவரிக்கும் சமன்பாட்டைப் போன்ற ஒரு வடிவில் எழுதி, அதிலிருந்து ஹைட்ரேட்டிலுள்ள நீரின் வேதி நிலையாற்றலை (சமநிலையில் எல்லாக் கட்டங்களிலும் சமமாக இருக்க வேண்டிய அளவை) கண்டறிகிறார்கள். 1972இல் பாரிஷும் பிராஸ்னிட்சும் இதைப் பல்கூறு வாயுக்களுக்குக் கணினியில் செய்யத்தக்க வடிவில் தந்தார்கள். கூண்டுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான விசையைக் கிஹாரா நிலையாற்றல் என்ற சமன்பாட்டைக் கொண்டு விவரிப்பது அன்றிலிருந்து பழக்கமானது.

இந்தக் குடும்பத்தில் ஒரு மாதிரியைத் தேர்பவர் முதலில் அறிய வேண்டியது, இதன் அளவுருக்கள் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை. வெற்றுக் கூண்டுப் படிகத்துக்கும் திரவ நீருக்கும் இடையிலான நிலையாற்றல் வேறுபாடு என்ற அடிப்படை எண்ணையே எடுத்துக்கொள்வோம். முதல் அமைப்புக்கு 1959 கட்டுரையில் அது மோலுக்கு 700 ஜூலை ஒட்டி இருந்தது. பின்னர் வந்த சில மதிப்பீடுகளில் 1,300ஐ ஒட்டி இருக்கிறது. இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டு மாதிரிகளும் அளவீடுகளோடு ஒத்துப்போவதற்குக் காரணம், கிஹாரா அளவுருக்கள் ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டிருப்பதே. ஒரு கட்டுரையின் கிஹாரா மதிப்புகளையும் இன்னொன்றின் அடிப்படை மதிப்புகளையும் சேர்த்துக் குறிமுறை எழுதினால் விடை எங்கோ போய் நிற்கும். இதே எச்சரிக்கை நிலைச் சமன்பாட்டுக்கும் பொருந்தும். ஹைட்ரேட் அளவுருக்கள் எந்தச் சமன்பாட்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டனவோ அதனோடுதான் அவை செல்லுபடியாகும். கிணற்றுத் திரவ மாதிரிக்குப் பொருந்தும்படி நிலைச் சமன்பாட்டைத் திருத்திவிட்டு, ஹைட்ரேட் பகுதியை அப்படியே விட்டுவைப்பது பலரும் கவனிக்காத பிழை.

இனி முதன்மையான தெரிவு. ஹைட்ரேட் கட்டத்துக்கு வான் டெர் வால்ஸ்–பிளாட்டீயு கோட்பாட்டை வைத்துக்கொண்டு, வாயுவுக்கும் திரவங்களுக்கும் 1976இன் பெங்–ராபின்சன் அல்லது 1972இன் சோவே வகைக் கனச் சமன்பாட்டை (கன அளவின் மும்மடியில் அமையும் நிலைச் சமன்பாட்டை) எடுப்பதா, அல்லது 1996இல் கொன்டோஜியார்ஜிஸ் குழுவினர் முன்வைத்த சி.பி.ஏ. (Cubic-Plus-Association) சமன்பாட்டை எடுப்பதா என்பதே நடைமுறையில் பெரும்பாலும் எழும் கேள்வி. சி.பி.ஏ. ஹைட்ரஜன் பிணைப்பைத் தனி உறுப்பாகக் கணக்கில் கொள்கிறது. கனச் சமன்பாடுகளின் வழக்கமான கலப்பு விதிகள் அதைக் கொள்வதில்லை.

தடுப்பான் ஏதும் இல்லாத நன்னீர் என்றால், இந்தக் கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நீரில் கரையும் ஹைட்ரோகார்பன் மிகக் குறைவு. ஆகவே நீர்க்கட்டம் கிட்டத்தட்ட தூய நீர்தான். அதன் ஆக்டிவிட்டி (செயல்படும் செறிவு; தூய நீருக்கு ஒன்று) ஒன்றுக்கு மிக நெருக்கமாகவே இருக்கும். எந்தச் சமன்பாட்டை எடுத்தாலும் வாயுவின் ஃபியூகாசிட்டி (உண்மை வாயுவுக்காகத் திருத்திய அழுத்தம்) சரியாக வந்தால் போதும்; அதில் பெங்–ராபின்சனே நன்றாகச் செய்கிறது. பொதுவான அழுத்தங்களில் இவ்வகை மாதிரிகள் தரும் வெப்பநிலை, அளவீட்டிலிருந்து ஒரு டிகிரியைச் சுற்றியே விலகுகிறது. இந்த நிலையில் சி.பி.ஏ.க்காகக் கூடுதல் உரிமக் கட்டணம் செலுத்துவது வீண்.

மெத்தனாலோ மோனோ எத்திலீன் கிளைக்காலோ நுழைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது நீரின் ஆக்டிவிட்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கனச் சமன்பாடு இதைச் சமாளிக்க ஹியூரான்–விடால் போன்ற சிறப்புக் கலப்பு விதிகளின் (கலவையின் அளவுருக்களைக் கூறுகளின் அளவுருக்களிலிருந்து பெறும் விதிகளின்) துணையை நாட வேண்டும். அவை பொருத்தப்பட்ட செறிவு எல்லைக்குள் நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனால் மெத்தனாலின் சிக்கல் நீர்க்கட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. செலுத்தப்பட்ட மெத்தனாலில் ஒரு பகுதி வாயுவோடு ஆவியாகப் போகிறது. மற்றொரு பகுதி கண்டன்சேட்டில் (வாயுவிலிருந்து பிரியும் திரவ ஹைட்ரோகார்பனில்) கரைகிறது. ஹைட்ரேட்டைத் தடுப்பது நீரில் எஞ்சிய பகுதி மட்டுமே; விலை கொடுப்பதோ மொத்தத்துக்கும். வாயு மிகுந்து நீர் குறைந்த குழாய்களில் இந்த இழப்பு நீரில் நிற்கும் அளவையே விஞ்சிவிடக்கூடும். மூன்று கட்டங்களிலும் மெத்தனால் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை ஒரே சமன்பாட்டால் ஒத்திசைவாகத் தரும் திறன்தான் சி.பி.ஏ.யின் உண்மையான பலம். கிளைக்கால் வாயுவுக்குள் அநேகமாகப் போவதே இல்லை என்பதால், கிளைக்கால் மட்டும் பயன்படும் அமைப்பில் இந்தப் பலத்தின் மதிப்பு குறைவு.

இவ்வளவு பெரிய கருவி தேவையா, 1930களின் ஹாமர்ஷ்மிட் சமன்பாடே போதாதா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைச் சற்று நெருக்கமாகப் பார்ப்போம். அச்சமன்பாட்டின்படி, வெப்பநிலைத் தாழ்வு (தடுப்பானால் ஹைட்ரேட் உண்டாகும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது) என்பது 1,297ஐ தடுப்பானின் எடை விழுக்காட்டால் பெருக்கி, தடுப்பானின் மூலக்கூறு எடையாலும் நீரின் எடை விழுக்காட்டாலும் வகுத்தால் கிடைப்பது. 1983இல் நீல்சனும் பக்லினும் மெத்தனாலுக்கு முன்வைத்த மாற்று, நீரின் மோல் பின்னத்தின் இயல் மடக்கையை எதிர்க்குறியோடு 72ஆல் பெருக்கச் சொல்கிறது. எடையில் 10 விழுக்காடு மெத்தனாலுக்கு முதலாவது 4.5 டிகிரி என்கிறது, இரண்டாவது 4.4 என்கிறது. 20 விழுக்காட்டில் 10.1க்கு எதிரே 9.5. 50 விழுக்காட்டில் 40.5க்கு எதிரே 32.1. செறிவு ஏற ஏற ஹாமர்ஷ்மிட் தரும் பாதுகாப்பு கடதாசியில் மட்டுமே இருக்கும் பாதுகாப்பாகிறது.

இதைச் செலுத்தும் அளவாக மாற்றினால் உறைக்கும். 17 டிகிரி தாழ்வு தேவை என்று கொள்வோம். ஹாமர்ஷ்மிட் 29.6 விழுக்காடு போதும் என்கிறது, மற்றது 32.1 விழுக்காடு வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 100 டன் நீர் வரும் குழாயில் முதலாவதன்படி 42 டன் மெத்தனால், இரண்டாவதன்படி 47.4 டன். ஐந்து டன்னுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியில் வாயுவுக்கும் கண்டன்சேட்டுக்கும் போகும் இழப்பு இன்னும் சேரவில்லை. இரண்டு சமன்பாடுகளும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆகவே 20 விழுக்காடு வரையிலான விரைவுக் கணக்குக்கு ஹாமர்ஷ்மிட், அதற்கு மேற்பட்ட மெத்தனால் செறிவுக்கு நீல்சன்–பக்லின், பம்பையும் சேமிப்புத் தொட்டியையும் வாங்கும் கட்டத்துக்கு முழுமையான கட்டச் சமநிலைக் கணக்கு என்று பிரித்துக்கொள்வதே முறை.

உப்புநீர் இன்னொரு கிளை. உருவாக்க நீரில் (பாறையடுக்கிலிருந்து வாயுவோடு வரும் நீரில்) உப்பு மிகுந்திருந்தால் அதுவே ஒரு தடுப்பான். அதைக் கணக்கில் விட்டால் மெத்தனால் தேவைக்கு மேல் செல்லும். கனச் சமன்பாடோ சி.பி.ஏ.யோ அயனிகளைத் தாமாக அறியா. அயனிகளின் மின்விசையைக் கணக்கில் கொள்ளும் டிபை–ஹியூக்கல் வகை உறுப்பையோ பிட்சர் மாதிரியையோ அவற்றோடு இணைக்க வேண்டும். வெவ்வேறு உப்புகளின் கலவைக்கு உத்தேச விடை போதுமென்றால், ஹூ, லீ, சம் ஆகியோர் முன்வைத்த தொடர்பு எளியது, நம்பத்தக்கதும்கூட. வெப்பநிலைத் தாழ்வை இரு வெப்பநிலைகளின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவு நீரின் ஆக்டிவிட்டியைப் பொறுத்தே அமைகிறது, அழுத்தத்தைச் சாராமல் நிற்கிறது என்ற கருத்தின் மீது அது நிற்கிறது. தூய நீருக்கான ஹைட்ரேட் கோட்டை நல்ல மாதிரி ஒன்றிலிருந்து எடுத்து, தாழ்வை மட்டும் இதிலிருந்து கணித்துக் கழிக்கலாம். நீர்க்கட்டத்தைப் பிடித்தால் ஹைட்ரேட் பிடிபடும் என்று முதலில் சொன்னதற்கு இதைவிட நேரடியான சான்று வேறில்லை.

படிகத்தைப் பற்றிய நுட்பங்கள் எப்போது உண்மையாகவே பயன்தருகின்றன? மூன்று இடங்களைச் சொல்லலாம். முதலாவது மிக உயர்ந்த அழுத்தம். கூண்டு உருக்குலையாது என்ற எடுகோள் அங்கே தளர்கிறது. அதைத் திருத்தி, ஹைட்ரேட்டிலுள்ள நீருக்கே ஓர் ஆக்டிவிட்டி குணகத்தைச் சேர்த்தவர்கள் பாலார்டும் ஸ்லோனும். கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸிலிருந்து வந்த சி.எஸ்.எம்.ஜெம் என்ற நிரல் இந்த வடிவத்தைக் கிப்ஸ் ஆற்றல் சிறுமமாக்கலோடு (மொத்தக் கிப்ஸ் ஆற்றல் மிகக் குறைவாகும் கட்டங்களைத் தேடும் முறையோடு) சேர்த்துத் தருகிறது. இரண்டாவது, அமைப்பு மாற்றம். மீத்தேனும் ஈத்தேனும் தனித்தனியே முதல் அமைப்பைத்தான் உண்டாக்குகின்றன. இரண்டையும் கலந்தால், ஒரு குறிப்பிட்ட கலவை வீச்சில் இரண்டாம் அமைப்பு தோன்றுகிறது. இது 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சோதனையில் உறுதிப்பட்டது. ஒரு மென்பொருளின் ஹைட்ரேட் பகுதி எவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய, மீத்தேன்–ஈத்தேன் கலவையில் எந்த அமைப்பு நிலைபெறுகிறது என்று கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ஹைட்ரேட் தொடங்கும் புள்ளி மட்டும் போதாமல், எவ்வளவு ஹைட்ரேட் உண்டாகும் என்று கேட்கும் இடம். குழாயை மூடி நிறுத்தியிருக்கும்போது உள்ளே இருக்கும் வாயு ஒரு குறிப்பிட்ட அளவுதான். ஹைட்ரேட் உண்டாக உண்டாகப் புரொப்பேன் படிகத்துக்குள் மிகுதியாக இழுக்கப்படுகிறது. எஞ்சும் வாயு மெலிந்து, அதன் ஹைட்ரேட் கோடும் நகர்கிறது. தொடக்கப் புள்ளியை மட்டும் ஃபியூகாசிட்டி சமன்பாட்டால் தேடும் நிரல் இந்த நகர்வைக் காட்டாது. கிப்ஸ் ஆற்றலைச் சிறுமமாக்கும் நிரல் எத்தனை கட்டங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தரும். பி.வி.டி.சிம், மல்டிஃப்ளாஷ் போன்ற வணிக மென்பொருள்கள் இந்தப் பல்கட்டக் கணக்கைச் செய்கின்றன.

சென்–குவோ மாதிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ரேட் முதலில் ஓர் அடிப்படைப் படிகமாக உருவாகி, பின்னர் சிறு மூலக்கூறுகள் காலிக் கூண்டுகளில் ஏறுகின்றன என்று இரண்டு படிகளாகக் கொள்வதால், மேலே சொன்ன அடிப்படை நிலையாற்றல் குழப்பத்திலிருந்து அது விலகி நிற்கிறது. எழுதுவதற்கு எளியது, விரைவாக ஓடுவது. பெரிய ஓட்ட நிரலுக்குள் பொதித்து வைக்க ஏற்றது.

இயந்திரக் கற்றல் மாதிரிகளை ஆய்வுக் கட்டுரைகள் நிறையப் பாராட்டுகின்றன. பயிற்சித் தரவின் எல்லைக்குள் அவை அழகாகப் பொருந்துகின்றன. எல்லைக்கு வெளியே எச்சரிக்கையின்றித் தவறுகின்றன. வடிவமைப்பு என்பதே பெரும்பாலும் எல்லைக்கு வெளியே நடப்பது என்பதால், இவற்றை இப்போதைக்குத் துணைக் கருவியாக மட்டுமே வைப்பேன்.

எந்த மாதிரியும் தேவைப்படாத முடிவுகளும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 மே மாதம் மெக்சிகோ வளைகுடாவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் கசிந்துகொண்டிருந்த கிணற்றின் மீது இறக்கப்பட்ட எஃகுக் கவிகை ஹைட்ரேட்டால் அடைபட்டு அந்த முயற்சி கைவிடப்பட்டது. அந்த ஆழத்தில் அழுத்தம் சுமார் 15 மெகாபாஸ்கல். நீரின் வெப்பநிலை 4, 5 டிகிரி. தூய மீத்தேன்கூட அந்த அழுத்தத்தில் 16 டிகிரியை ஒட்டிவரை ஹைட்ரேட்டாக நிலைத்திருக்கும். ஹைட்ரேட் நிலைக்கும் எல்லையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும் இடத்தில் ஒப்படர்த்தி வரைபடமும் அதையேதான் சொல்லும். மாதிரியின் துல்லியம் கோட்டுக்கு அருகே இயங்குபவர்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

அப்படிக் கோட்டுக்கு அருகே இயங்குவோரில் இயக்கத் தடுப்பான் பயன்படுத்துபவர்கள் தனி வகை. இந்தப் பலபடிச் சேர்மங்கள் சமநிலைக் கோட்டை நகர்த்துவதில்லை. படிகம் வளர்வதைத் தாமதப்படுத்துகின்றன, அதுவும் ஏறக்குறைய 10 டிகிரி மிகைக்குளிர்ச்சி வரைதான் நம்பத்தக்க வகையில். மிகைக்குளிர்ச்சி என்பது சமநிலை வெப்பநிலையிலிருந்து குழாயின் வெப்பநிலையைக் கழித்தது. மாதிரி சமநிலை வெப்பநிலையை ஒரு டிகிரி குறைத்துச் சொன்னால், 10 டிகிரி என்று நினைத்து இயக்கும் குழாய் உண்மையில் 11 டிகிரியில் இயங்கும். மெத்தனால் அமைப்பில் அந்த ஒரு டிகிரியை இன்னும் சில டன் செலுத்தி ஈடுகட்டிவிடலாம். இங்கே அப்படி ஈடுகட்ட வழியில்லை. ஆகவே இயக்கத் தடுப்பானைத் தெரிவு செய்யும் திட்டங்களில், கனச் சமன்பாடா சி.பி.ஏ.யா என்று விவாதிப்பதற்கு முன், அந்தக் கிணற்றின் வாயுவையும் அதே உப்புநீரையும் கொண்டு சமநிலை வெப்பநிலையை ஆய்வகக் கலத்தில் படிப்படியாகச் சூடேற்றி அளந்து, மாதிரியை அந்த அளவீட்டோடு பொருத்திக்கொள்வதற்கே பணத்தை முதலில் ஒதுக்க வேண்டும்.